வெயில் ஊரில் பிலிம் கழுவுவது: கேமராவிலிருந்து பிரிண்ட் வரை

பிலிம் கழுவும் மருந்தான டெவலப்பர் பாக்கெட்டின் பின்பக்கம் ‘20 டிகிரி’ என்று அச்சிட்டிருக்கும். சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தெர்மாமீட்டரைப் பிடித்தால் 35-ஐத் தாண்டி நிற்கும். பிலிம் கேமரா வாங்கிய நம்மூர்ப் பிள்ளைகள் பலர் முதல் ரோலிலேயே மனம் விட்டுப்போவது இந்தப் பதினைந்து டிகிரியால்தான். கேமராவில் குறை இருக்காது, பிலிமிலும் இருக்காது. தண்ணீரில் இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் ஒரு முழு ரோல் எடுத்து, அன்று ராத்திரியே வீட்டில் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். வெளியே எடுத்தால் எல்லாச் சட்டமும், அதாவது ரோலில் உள்ள ஒவ்வொரு படமும், கரிக்கட்டை மாதிரி கறுப்பு. ஜங்ஷன் பக்கம் ரொம்ப காலம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, பாக்கெட்டுல போட்டிருக்க டிகிரி நம்ம ஊருத் தண்ணிக்குத் தெரியாது. மொதல்ல தண்ணியத் தொட்டுப் பாருங்க” என்றார். அதற்கப்புறம் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய இருட்டறையில்தான் இருந்தேன். கீழே எழுதியிருப்பது அங்கே கற்றதும், அதன்பிறகு என் வீட்டுக் குளியலறையில் செய்து பார்த்ததும்.

தொடங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். முதல் பத்து ரோலுக்கு ஒரே பிலிம், ஒரே டெவலப்பர், ஒரே வெப்பநிலை. எதையும் மாற்றாதீர்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

பிலிமுக்குள் என்ன நடக்கிறது

ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்புகளின் நுண்ணிய மணிகள். வெளிச்சம் பட்ட மணிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கிறது. டெவலப்பர் அந்த மணிகளை மட்டும் தேடிப்பிடித்துக் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. வெளிச்சம் படாத மணிகள் அப்படியே கிடக்கும். அவற்றைக் கரைத்து வெளியேற்றுவது பிக்ஸரின் வேலை. வானம் நெகட்டிவில் கறுப்பாகவும் நிழல் கண்ணாடிபோலத் தெளிவாகவும் தெரிவது இதனால்தான்.

ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை 1819-லேயே ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டு எழுதிவிட்டார். போட்டோ என்ற கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். படத்தை நிலைக்கவைக்கும் மருந்து, படம் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே தயாராக இருந்திருக்கிறது. இருட்டறையில் ஹைப்போ கரைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நம் ஊரில் இந்த முழு வேலையையும் ‘பிலிம் கழுவுறது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நல்ல சொல்தான். ஆனால் தண்ணீரில் கழுவுவது கடைசிக் கட்டம் மட்டுமே என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா, பிலிம்

கேமராவுக்காக அதிகம் அலைய வேண்டாம். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் வேலை செய்கிற பழைய மெக்கானிக்கல் கேமரா ஒன்று போதும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே. வாங்கும்போது லென்ஸை டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பல வருடம் பீரோவுக்குள் பூட்டிக்கிடந்த லென்ஸில் இது சகஜம். அதை வாங்காதீர்கள்.

35 எம்எம் ரோலில் 36 சட்டம் கிடைக்கும், ஒவ்வொன்றும் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதைவிட அகலமான 120 ரோலைச் சதுரமாக எடுக்கும் யாஷிகா மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவில் போட்டால் 12 படம். பழைய ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் இதில்தான் கல்யாணம் எடுத்தார்கள். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் பிரிண்டில் மணி குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஐ.எஸ்.ஓ. என்பது பிலிமின் வேகம். எண் இரட்டித்தால் பாதி வெளிச்சம் போதும். நான் சொல்வது 400 வேக கறுப்பு வெள்ளை பிலிம்: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ். 100-ஐ விட மணி கொஞ்சம் பெரிது. ஆனால் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல்கள் ஒரு காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் இருந்தன. ஆலை மூடிவிட்டது. இன்றும் யாராவது அலமாரியிலிருந்து ஒரு ரோலை எடுத்து நீட்டுவார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பல கோடை வெயிலைத் தாங்கிய பிலிம் அது. கற்றுக்கொள்ள அதை எடுக்காதீர்கள், நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரோலை பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பிலிமில் ஈரம் படிந்துவிடும். இரண்டு மணி நேரம் விட்டுத் திறங்கள். அப்புறம் அதைப் பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு களக்காடு வரைக்கும் போகாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் சூடு பிலிமைப் புகைமூட்டமாக்கும்.

ரோலை மாட்டியபின் ஒரு சின்னச் சோதனை. பிலிமை அடுத்த சட்டத்துக்கு நகர்த்தும்போது இடதுபக்கத் திருகு சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் பிலிம் பல்லில் பிடித்திருக்கிறது. சுற்றாவிட்டால் 36 படமும் காற்றில் எடுத்ததுதான்.

நம்மூர் வெளிச்சத்தை அளப்பது

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த இரண்டு கதவுகள். ஒன்று அபர்ச்சர், லென்ஸின் துவாரம்: 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். இன்னொன்று ஷட்டர், அது திறந்திருக்கும் நேரம்: 1/30, 1/60, 1/125, 1/250, 1/500. இங்கேயும் ஒவ்வொரு படியும் பாதி. இந்தப் படியைத்தான் ‘ஒரு ஸ்டாப்’ என்கிறோம். ஒன்றில் ஒரு ஸ்டாப் திறந்து மற்றதில் ஒரு ஸ்டாப் மூடினால் பிலிமுக்குச் சேரும் வெளிச்சம் அதே.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? தேர் வடம் பிடிக்கிறவர்கள் முன்வரிசை முதல் பின்வரிசை வரை தெளிவாக வேண்டுமென்றால் 11, 16. ஒருவர் முகம் மட்டும் போதும், பின்னால் கூட்டம் கலங்கினால் பரவாயில்லை என்றால் 2.8. தேர் அசையும் கணத்தை நிறுத்த 1/500. இழுக்கிறவர்களின் கால்கள் ஆறுபோல ஓட வேண்டுமென்றால் 1/15, கேமராவை ஏதாவது படிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு. 50 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/60-க்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம் படத்தில் வரும்.

மீட்டர் இல்லாமலும் எடுக்கலாம். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது அபர்ச்சர் 16, ஷட்டர் பிலிமின் ஐ.எஸ்.ஓ.வுக்கு நெருங்கிய எண். 400 பிலிமுக்கு 1/500. லேசான மேகம் என்றால் 11, நன்றாக மூடிவிட்டால் 8. வேப்ப மர நிழலிலோ திண்ணையிலோ உட்கார்ந்திருக்கிறவருக்கு 5.6, சிலசமயம் 4. உவரிக் கடற்கரை மணலில் வெளிச்சம் கீழிருந்தும் வரும், அங்கே ஒரு ஸ்டாப் மூடுங்கள். ஒரு வாரம் கேமராவே இல்லாமல் நடந்து, பார்க்கிற இடத்துக்கெல்லாம் மனதில் எண் சொல்லிப் பழகுங்கள். வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாக ஜங்ஷனுக்கு நடந்தால் வெயில், கட்டட நிழல், பாலத்தின்மேல் திறந்த வானம் என்று எல்லா வகையும் ஒரே நடையில் கிடைக்கும்.

மீட்டரின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் அது ஏமாற்றும். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் பனந்தோப்பின் முன்னால் நிற்கிறார். மீட்டர் வேட்டியைப் பார்த்து, ‘வெளிச்சம் ஏகத்துக்கு இருக்கிறது’ என்று சொல்லிவிடும். அதை நம்பினால் வேட்டி சாம்பலாகும், அவருடைய கறுத்த முகம் இருட்டுக்குள் போய்விடும். நம்மூர் முகங்களை எடுக்கும்போது இந்தத் தப்பு படத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, அந்த மனிதரையே படத்திலிருந்து அழித்துவிடுகிறது. தீர்வு எளிது. அவர் மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைப் பிடித்து மீட்டரில் அளங்கள். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது. ஆகவே மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் திறந்து எடுங்கள். கேமராவை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை, அவருக்கும் சங்கடம் இல்லை.

உச்சிவெயில் இன்னொரு சிக்கல். தரை வெந்து வெள்ளையாகும், கூரைக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. நெகட்டிவில் ஒரு விதி உண்டு: நிழலுக்குப் பார்த்து எடு, வெளிச்சத்துக்குப் பார்த்துக் கழுவு. நிழலில் விவரம் பதிய ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்து, அதாவது 400 பிலிமை 200 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறைப்பது. நிழல் பகுதிகளின் கறுப்பு சீக்கிரமே வந்து நின்றுவிடும். வெளிச்சப் பகுதிகள்தான் நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே இருக்கும். அதனால் நேரத்தைக் குறைத்தால் வேட்டியின் மடிப்பு தப்பிக்கும், நிழல் அப்படியே இருக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இதை ஸோன் சிஸ்டம் என்று முறையாக வகுத்தார். நமக்குத் தொடக்கத்தில் இந்த ஒரு வரி போதும். பங்குனி, சித்திரை, வைகாசியில் பகல் 10 மணிக்கு மேல் எடுக்கும் ரோல்களை நான் இப்போதும் இப்படித்தான் எடுக்கிறேன்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடிகளான பில்டர்களைப் பற்றிக் கொஞ்சம். கறுப்பு வெள்ளை பிலிமில் சிவப்பு பில்டர் தன் நிறத்தை வெளுப்பாக்கும், நீலத்தையும் பச்சையையும் கறுப்பாக்கும். குதிரைமொழித் தேரிக்கு ஒரு தடவை சிவப்பு பில்டரோடு போய்ப் பாருங்கள். செம்மணல் பால்போல வெளுத்துக் கிடக்கும், வானம் கருத்திருக்கும், நடுவில் பனை கறுப்பாக நிற்கும். பில்டர் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் மூன்று ஸ்டாப் திறக்க வேண்டும். மஞ்சள் பில்டருக்கு ஒரு ஸ்டாப் போதும். தினப்படிக்கு மஞ்சள்தான் உதவும், மேகம் அழகாகப் பிரிந்து தெரியும்.

இருட்டு

கழுவுவதற்குப் பிலிமை ரீல் என்ற சுருளில் சுற்றி, டேங்க் என்ற வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும். சுற்றும்போது துளி வெளிச்சம் கூடாது. சிவப்பு விளக்கும் கூடாது. அது பிரிண்ட் பேப்பருக்கு மட்டும்தான். ஜன்னல் இல்லாத குளியலறையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியபின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பாருங்கள். தெரிந்தால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதற்கெல்லாம் இடமில்லை என்றால் சேஞ்சிங் பேக் என்ற இரட்டை அடுக்குக் கறுப்புப் பை வாங்கலாம்.

ரீலில் ஏற்றுவதுதான் தொடங்குகிறவர்களை அதிகம் வதைக்கும் இடம். வீணான ஒரு ரோலைப் பகல் வெளிச்சத்தில் பத்துத் தடவை ஏற்றிப் பழகுங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை. ரீல் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பிலிம் முனையின் இரண்டு மூலைகளையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டிவிட்டால் சிக்காது. நம் ஊரில் முக்கியமான தடை வியர்வை. பைக்குள் கை வைத்த இரண்டாவது நிமிடம் உள்ளே புழுங்க ஆரம்பித்துவிடும், பிலிம் ரீலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வேலையை நான் விடியற்காலையில் செய்கிறேன். நடுவில் சிக்கினால் இழுக்காதீர்கள். பிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குங்கள்.

டெவலப்பர், பிக்ஸர், தண்ணீர்

டெவலப்பர்களில் நான் சொல்வது டி-76. கோடாக் 1927-இல் கொண்டுவந்த சூத்திரம். இல்ஃபோர்டின் ஐடி-11-ம் ஏறக்குறைய இதுவேதான். பாக்கெட்டாகவே கிடைக்கும். கெமிக்கல் கடையில் தனித்தனியாக வாங்கியும் கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை சல்பைட்டை முதலில் போட்டுக் கரைத்து, அப்புறம் மெட்டாலைப் போடுங்கள். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாது. மெட்டால் கரைந்தபின் மீதிச் சல்பைட், ஹைட்ரோகுயினோன், போராக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கரைத்து, கடைசியில் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். ஒரு நாள் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம். மெட்டால் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பைக் கொண்டுவரும்.

கலந்ததைக் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். காற்றும் சூடும் டெவலப்பரைக் கொல்லும். தயவுசெய்து கலர், சோடா பாட்டில்களில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், தாகத்தில் யாரும் லேபிள் பார்க்க மாட்டார்கள்.

பிக்ஸருக்குப் பழைய ஸ்டுடியோ வழி, ஹைப்போ கல்லை லிட்டருக்கு 250 கிராம் கரைப்பது. கரையும்போது தண்ணீர் தானாகவே சில்லென்றாகும், கையில் தெரியும். இப்போது கிடைக்கும் ரேபிட் பிக்ஸர் அம்மோனியம் தயோசல்பேட், வேகம் கூடுதல். அதைக் குறிப்பில் உள்ள அளவில், பெரும்பாலும் ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

இனி தண்ணீர். நான் 20 டிகிரிக்காகப் போராடுவதில்லை, 24-ஐ என் நிலையான அளவாக வைத்திருக்கிறேன். வெப்பம் கூடினால் டெவலப்பர் வேகம் கூடும், நேரம் குறையும். ஆனால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவுவது திட்டுத்திட்டாகும். இதற்காகத்தான் டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து மெலிதாக்குகிறேன். எச்பி5 பிளஸ்ஸுக்கு அப்படிக் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் 8 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். வேறு பிலிம் என்றால் அதன் டேட்டா ஷீட்டில் இருக்கும் நேரத்தையும் வெப்ப அட்டவணையையும் பாருங்கள். 

24-க்கு எப்படிக் கொண்டுவருவது? முதல்நாள் ராத்திரியே மண்பானையில் தண்ணீர் ஊற்றி, காற்றாடும் இடத்தில் வைத்துவிடுவேன். காலையில் நாலைந்து டிகிரியாவது இறங்கியிருக்கும். மீதியைப் பனிக்கட்டி பார்த்துக்கொள்ளும். ஒரு அகலமான பேசினில் தண்ணீரும் ஐஸும் போட்டு, டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்துங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போடக் கூடாது, கலவை மாறிவிடும். எல்லாமே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பது முக்கியம். 24-இல் இருந்த பிலிமை 35 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஊறிய ஜெலட்டின் நெளிந்து, மேற்பரப்பு காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்துப்போகும். இப்போதைய பிலிம்கள் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கழுவுவது

35 எம்எம் ரோல் ஒன்றுக்குச் சாதாரண பிளாஸ்டிக் டேங்கில் 290 மில்லி வேண்டும். 150 மில்லி டி-76, 150 மில்லி தண்ணீர். தெர்மாமீட்டரில் 24 வந்தவுடன் டேங்குக்குள் ஊற்றி, கடிகாரத்தைத் தொடங்கி, டேங்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி விலகும். தட்டாவிட்டால் வானத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி வரும். முதல் பத்து விநாடியில் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு தடவை. பதற்றத்தில் டேங்கைக் காபி ஆற்றுவது மாதிரி குலுக்கிக்கொண்டே இருந்தால் கறுப்புக்கும் வெள்ளைக்குமான மாறுபாடு எகிறும். இடைநேரத்தில் டேங்கைக் கையில் பிடித்திருக்காதீர்கள். உள்ளங்கைச் சூடும் உள்ளே இறங்கும். பேசின் தண்ணீரிலேயே நிற்கட்டும்.

நேரம் முடிய பத்து விநாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்குங்கள். ஒன்றுக்கு ஒன்று கலந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உடனே தண்ணீரை ஊற்றி அரை நிமிடம் ஆட்டிக் கொட்டுங்கள். இது டெவலப்பரை நிறுத்துவதற்கு. அசிட்டிக் அமிலம் கலந்த ஸ்டாப் பாத் இருந்தால் இன்னும் நல்லது, பிக்ஸரின் ஆயுள் கூடும். பிலிமுக்கு வெறும் தண்ணீரே போதும்.

பிக்ஸர் எத்தனை நிமிடம்? பாட்டிலைக் கேட்பதைவிடப் பிலிமையே கேளுங்கள். ரீலில் ஏற்றுவதற்கு முன் வெட்டிய முனைத்துண்டை வெளிச்சத்திலேயே பிக்ஸரில் போட்டு, பால்நிறம் போய்க் கண்ணாடியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு நிமிடத்தில் தெளிந்தால் இரண்டு நிமிடம். புதிதாகக் கலந்தபோது ஆன நேரம் இரட்டித்துவிட்டால் அந்தப் பிக்ஸர் முடிந்தது.

கடைசியாகத் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் ஓடவிடும் பழக்கம் கோடையில் நமக்குக் கட்டுப்படியாகாது. இல்ஃபோர்ட் சொன்ன சிக்கன முறை இருக்கிறது. டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டுவது, மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மறுபடி இருபது தடவை. ஒரு ரோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட ஆகாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், வள்ளியூர் ராதாபுரம் பக்கம் இதைச் சொன்னால் உடனே புரியும், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ எடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும், எதைக்கொண்டு துடைத்தாலும் போகாது. அதில் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு விட்டால் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்துவிடும்.

காய வைப்பதில் நம் எதிரி தூசி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து அடிக்கும் காற்று வீட்டுக்குள் மண்ணை வாரிக் கொட்டும். ஈரப் பிலிமில் ஒட்டிய மண் காய்ந்தபின் பிரியாது. குளியலறையில் ஒரு வாளி வெந்நீரை ஊற்றி ஆவியில் தூசி படிந்தபின், பிலிமை மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பேன் போடக் கூடாது. மூன்று மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நெகட்டிவைப் படிப்பது

காய்ந்த பட்டையை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். முதலில் ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். அவை ஆலையிலேயே பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் நல்ல கறுப்பாக இருந்து படம் மெலிந்திருந்தால் எடுத்ததில் வெளிச்சம் போதவில்லை. எண்களே மங்கலாக இருந்தால் கழுவியதில் குறை: நேரம் குறைவு, குளிர்ச்சி அதிகம், அல்லது டெவலப்பர் செத்துவிட்டது. நிழல் பகுதியில் விவரம் இருக்கிறது, ஆனால் வானமும் வேட்டியும் வெளிச்சமே புகாத கட்டிக் கறுப்பு என்றால் அதிகம் கழுவிவிட்டீர்கள். என் தேரோட்ட ரோல் அந்த வகை. இந்த ஓர எண் வித்தையை அண்ணாச்சி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். இன்றுவரை நான் கற்ற மிகப் பயனுள்ள விஷயம் அதுதான்.

பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, பிலிம், வெப்பநிலை, நேரம், என்ன மாதிரி வெயில். ஐந்தாவது ரோலில் நோட்டே உங்களுக்கு வாத்தியாராகிவிடும்.

பிரிண்ட்

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மூடிவிட்ட ஸ்டுடியோக்களின் மச்சில் இன்னும் சில தூங்குகின்றன, கேட்டுப் பாருங்கள். 35 எம்எம்முக்கு 50 எம்எம் லென்ஸ், சதுர 120-க்கு 75 அல்லது 80. அது இல்லாதவர்கள் 120 நெகட்டிவைப் பேப்பர் மேலேயே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மேலே ஒரு பல்பைச் சில விநாடி எரியவிட்டுக் காண்டாக்ட் பிரிண்ட் எடுக்கலாம். மங்கலான பக்கம் பேப்பரைப் பார்த்து இருக்க வேண்டும். உள்ளங்கையளவுப் படம்தான், ஆனால் அதன் கூர்மை அபாரம்.

இங்கே சிவப்பு விளக்கு உண்டு. கடையில் விற்கும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எல்லாமே பாதுகாப்பானது அல்ல. ஒரு துண்டுப் பேப்பரில் நாணயத்தை வைத்து, அந்த விளக்கில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப்பரில் போடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்தப் பல்பு வேண்டாம்.

மூன்று டிரே: டெவலப்பர், ஸ்டாப் பாத், பிக்ஸர். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பரில் தொடங்குங்கள், கழுவ இரண்டு நிமிடம் போதும். நூல்பேப்பர் எனும் பைபர் வகைக்கு ஒரு மணி நேரம் வரை தண்ணீர் வேண்டும். என்லார்ஜர் லென்ஸை முழுதாகத் திறந்து போகஸ் செய்து, அப்புறம் 8-க்கு மூடுங்கள். ஒரு பேப்பர் கீற்றை அட்டையால் மறைத்து மறைத்து 5, 10, 15, 20, 25 விநாடி என்று படிப்படியாக வெளிச்சம் கொடுங்கள். இதுதான் டெஸ்ட் ஸ்டிரிப். டெவலப்பரில் முழு ஒரு நிமிடம் இருக்கட்டும். கறுத்துவிடும்போல இருக்கிறதே என்று பாதியில் தூக்கினால் கறுப்பு சேறாகத்தான் இருக்கும். அதிகமென்றால் அடுத்த தாளில் விநாடியைக் குறையுங்கள்.

வெள்ளைக்கு எந்த விநாடி சரி என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதன்பின் கறுப்பைப் பாருங்கள். கறுப்பு வலுவில்லாமல் இருந்தால், பிரிண்டின் மாறுபாட்டை மாற்றும் மல்டிகிரேட் பில்டரில் எண்ணைக் கூட்டுங்கள். கரடுமுரடாக இருந்தால் குறையுங்கள். நடுவில் 2-இல் தொடங்கினால் போதும்.

அப்புறம் கையால் செய்யும் வேலை. கம்பி நுனியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தால் பெரியவரின் முகத்தை மூன்று விநாடி மறைத்தால் முகம் தெளியும், இது டாட்ஜிங். மீதியெல்லாவற்றையும் கையால் மறைத்து வேட்டிக்கு மட்டும் ஐந்து விநாடி கூடுதலாகக் கொடுத்தால் மடிப்பு எழுந்து வரும், இது பர்னிங். கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் விளிம்பு தெரியும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மேலே வருவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை.

தீர்ந்த பிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நம் வாய்க்கால் எல்லாம் தாமிரபரணியோடு உறவுள்ளவை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் மூடி வைத்தால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். வாளியில் பெரிய எழுத்தில் என்னவென்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சேறு சேர்ந்ததும் வெள்ளி உருக்குகிறவர்களிடம் கொடுக்கலாம்.

ஆர்.சி. பிரிண்டைக் கொடியில் கிளிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பைபர் பேப்பர் சுருளும்; கொசுவலைத் துணி கட்டிய சட்டத்தில் முகம் கீழாகப் போட்டு, காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். பின்பக்கம் பென்சிலால் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஒரு பிரதி அந்தப் பெரியவருக்குப் போகட்டும்.